மணல்திட்டுக்கு இரண்டு காவல்

ஏப்ரல் 4

அன்புத் தங்கச்சிக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். முதலில் பேருந்து, அப்புறம் சரணாலயத்து வேன், அப்புறம் படகு. முப்பது வருஷம் பேருந்தில் ஏறி ஏறி அடுத்தவர் டிக்கெட்டைப் பரிசோதித்தவள் நான். ரிட்டயர் ஆன பிறகும் கண்டக்டர் என் டிக்கெட்டைக் கேட்டபோது கோபம் வந்தது.

தன்னார்வலர்கள் தங்கும் அறையில் எல்லாம் அடுக்குக் கட்டில். எனக்கு மேல்தட்டு. முட்டிவலிக்காரி என்று சொல்லிப் பார்த்தேன். கீழ்த்தட்டுப் பெண் காதில் எதையோ மாட்டிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினாள். செல்போனுக்கு இங்கே உயிர் இல்லை. ஆபீசில் ஒரு போன் உண்டு, அதில் பேசினால் எல்லாருக்கும் கேட்கும். நம் பேச்சு அப்படிப்பட்டதல்லவே. அதனால் கடிதம்தான்.

வேலை இதுதான். ஏரி நடுவே நீளமாக ஒரு மணல்திட்டு. அதில் உப்புக்கொத்தி என்றொரு பறவை, கைக்குள் அடங்கிவிடும். அதற்குக் கூடு கட்டத் தெரியாது. மணலில் ஒரு பள்ளம் கீறி அதிலேயே முட்டையிடும். முட்டையும் கூழாங்கல் மாதிரியே இருக்கும். புல் மண்டினால் அது வராதாம். அதனால் காலை முழுக்கக் குனிந்து களை பிடுங்குகிறோம். பிறகு கூடு தேடுகிறோம். கண்டுபிடித்தால் கிழக்குப் பக்கமாகப் பத்தடி தள்ளி ஒரு குச்சி நட வேண்டும். எல்லாக் கூட்டுக்கும் அதே பக்கம், அதே பத்தடி. மறுநாள் முட்டைக் கணக்கு எடுக்க வருகிறவர் கூட்டை மிதித்துவிடக் கூடாது என்பதற்காக. சொல்லிக்கொடுத்தவர் ஆய்வாளர் அம்மா. சிரிக்கவே மாட்டார். எனக்குப் பிடித்துவிட்டது.

சரி, உன் விஷயம். என்னைப் பார்த்ததும், காவலர் உடுப்பில் நின்றிருந்த உன் வீட்டுக்காரர் கையிலிருந்த வேலிக்கயிற்றைக் கீழே போட்டுவிட்டார்.

“அண்ணி, நீங்களா?”

“நானேதான் மாப்பிள்ளை. பறவை பாக்க வந்தேன்.”

“உங்களுக்குப் பறவை பிடிக்குமா?”

“வேலையில இருந்தப்ப எதைப் பாக்க நேரம் இருந்துச்சு? இப்பதான் எல்லாம் பிடிக்குது.”

அவர் நம்பவில்லை. நானும் அவர் நம்ப வேண்டும் என்று பெரிதாக நடிக்கவில்லை. நீயும் பாப்பாவும் இங்கே குடிவரலாமா, இந்த மனுஷன் மூன்று வருஷமாக இங்கே எப்படி இருக்கிறார் என்று பார்த்துச் சொல்லத்தானே என்னை அனுப்பினாய்? பார்த்துச் சொல்கிறேன். முகத்தைப் பார்த்தே டிக்கெட் எடுக்காதவனைக் கண்டுபிடிக்கிறவள் நான்.

உன் அக்கா

ஏப்ரல் 10

அக்காவுக்கு,

கட்டிலுக்கு ஒரு பத்தி, பறவைக்கு ஒரு பத்தி, அவருக்கு நாலு வரி. நன்றாக இருக்கிறது உன் வேவு.

வீட்டுக்கார அம்மா நேற்றும் கேட்டார். மே முடிவதற்குள் காலி செய்கிறோமா இல்லையா என்று சொல்ல வேண்டும். பாப்பாவின் பள்ளிக்கூடத்திலும் அதே கேள்வி. மூன்று வருஷமாக “இங்க குடும்பம் வச்சுக்க வசதி இல்ல” என்றவர், திடீரென்று “காவலருக்கு ரெண்டு ரூம் வீடு ஒதுக்கியிருக்காங்க, கிளம்பி வா” என்கிறார். சந்தோஷப்படத்தான் வேண்டும். எனக்கோ கேள்விதான் வருகிறது. ஏன் இத்தனை நாள் இல்லை, ஏன் இப்போது? நான் வேலை பார்க்கும் பல் கிளினிக்கில் வாயைத் திறக்க முடியாமல் வருகிறவர்கள்கூட எங்கே வலிக்கிறது என்று கையால் காட்டிவிடுகிறார்கள். இவர் அதையும் செய்ய மாட்டார். லீவில் வந்தால் பாப்பாவுக்குச் சைக்கிள் துடைத்துக் கொடுப்பார், குழாயைச் சரி பண்ணுவார், போய்விடுவார்.

என்ன சாப்பிடுகிறார் என்று பார்த்தாயா? நான் வீட்டில் முட்டை வேகவைத்தால் மூக்கைப் பிடித்துக்கொண்டு தெருவுக்கே ஓடுகிற ஆள். அங்கே சமையல்கட்டில் என்ன பண்ணுகிறாரோ. இதெல்லாம் கேட்கக் கூடாதுதான். கல்யாணம் ஆனவள் ஊர்க்காரி மாதிரி விசாரிக்கிறேன் பார்.

பாப்பா உன் பையில் அவளுடைய சிவப்பு நெயில் பாலிஷைப் போட்டுவிட்டாளாம். “பெரியம்மா அங்க அழகா இருக்கட்டும்” என்கிறாள். ஏரிக்கரையில் யாருக்குக் காட்டப்போகிறாய் என்று நான் சொல்லவில்லை.

கண்ணை வைத்துக்கொள். ஆனால் அவருக்குத் தெரிய வேண்டாம்.

தங்கச்சி

ஏப்ரல் 17

தங்கச்சிக்கு,

பாப்பாவின் நெயில் பாலிஷ் என் மானத்தைக் காப்பாற்றியது என்று அவளிடம் சொல். என் கண்ணாடிக்கு அந்த மரக்குச்சிகள் மணலோடு மணலாகத்தான் தெரிந்தன. இப்போது என் பகுதியில், அதாவது திட்டின் வடக்கு முனையில், ஒவ்வொரு குச்சியின் தலையிலும் சிவப்பு வைத்துவிட்டேன். மற்றவர்கள் குச்சியைத் தேடி அலைகிறார்கள், நான் நேரே போய் நிற்கிறேன். காக்கா ஒன்று அதில் உட்கார்ந்துகொண்டு என்னைப் பார்த்துத் தலையைச் சாய்த்தது. அதற்கும் பிடித்திருக்கிறது போல. புட்டி உடைந்துவிடாமல் சாப்பாட்டு டப்பாவில் பஞ்சு வைத்து அதற்குள் வைத்துக்கொண்டு போகிறேன்.

சிரிக்காதே, எனக்கு இந்தப் பறவைகள் மேல் பைத்தியம் பிடித்துவிட்டது. கிட்டே போனால் தாய்ப்பறவை றெக்கை ஒடிந்த மாதிரி நொண்டி நொண்டி வேறு பக்கம் ஓடி, என்னை இழுத்துக்கொண்டு போகப் பார்க்கிறது. என்ன நடிப்பு! பாஸ் தொலைந்துபோச்சு என்று அழுதவர்கள் எல்லாம் இதனிடம் பாடம் படிக்க வேண்டும்.

இப்போது கெட்ட செய்தி. என் கூடுகளில் மூன்று காலி. முந்தின நாள் முட்டை இருந்தது, மறுநாள் இல்லை. ஓடு இல்லை, உடைசல் இல்லை. தெற்குப் பக்கம் பார்க்கிற தன்னார்வலர்களுக்கு இவ்வளவு நஷ்டம் இல்லை. என் பக்கம்தான்.

இதைக் கேள். இரண்டாவது கூடு காலியான அன்று விடிகிற நேரத்திலேயே படகுத்துறையில் நின்றிருந்தேன். உன் வீட்டுக்காரர் வடக்கு முனையிலிருந்து துடுப்புப் போட்டு வந்தார். அந்த நேரத்தில் அவருக்கு அங்கே வேலையே இல்லை. என்னைப் பார்த்ததும் முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். தப்பான ஸ்டாப் வரைக்கும் டிக்கெட் எடுத்தவன் முகம்.

“எங்க மாப்பிள்ளை காலங்காத்தால?”

“சும்மா. வேலி பாத்துட்டு வந்தேன்.”

வேலி தெற்கே இருக்கிறது, தங்கச்சி.

நான் திட்டுக்குப் போய்ப் பார்த்தேன். காலியான கூட்டைச் சுற்றி மணல் மழமழவென்று இருந்தது. யாரோ பெருக்கியிருக்கிறார்கள். முந்தின நாள் நான் நடந்த தடம்கூட இல்லை.

இதற்கு மேல் நான் எதுவும் எழுதவில்லை. நீயே யோசி.

அக்கா

ஏப்ரல் 22

அக்காவுக்கு,

யோசித்தேன். இரண்டு நாள் தூக்கம் போனதுதான் மிச்சம்.

முதலில் உன்னைத் திட்டிவிடுகிறேன். நான் அனுப்பியது அவர் எப்படி இருக்கிறார் என்று பார்க்க. திருடனைப் பிடிக்க இல்லை. நீ எங்கே போனாலும் ஒருவரைக் குற்றவாளி ஆக்காமல் வரமாட்டாய். எங்கள் கல்யாணத்தன்று அவர் மாமா மொய்க் கவரைச் சட்டைப்பையில் வைத்ததைப் பார்த்து நீ பண்ணிய கூத்தை மறந்துவிட்டாயா? அது அவருடைய சொந்தக் கவர். அன்றிலிருந்து இன்றுவரை உனக்கு இவர் வீட்டு ஆட்களைக் கண்டாலே ஆகாது.

அந்த முட்டையை எடுத்து அவர் என்ன பண்ணப்போகிறார்? அதைச் சொல் முதலில்.

திட்டி முடித்தாகிவிட்டது. இனி என் பயம். வேலி பார்க்கப் போனேன் என்று ஏன் பொய் சொன்னார்? எனக்குத் தெரிந்தவரை அவர் பேசாமல் இருப்பாரே தவிர, பொய் சொன்னதில்லை. விடியற்காலையில் அந்தப் பக்கம் வேறு யாராவது வருகிறார்களா? அங்கே பெண்கள் எத்தனை பேர்? ஆய்வாளர் அம்மாவுக்கு என்ன வயது? இதைக் கேட்க எனக்கே அசிங்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுது.

வீட்டுக்கார அம்மாவுக்கு இன்னும் பதில் சொல்லவில்லை.

தங்கச்சி

ஏப்ரல் 27

தங்கச்சிக்கு,

ஆய்வாளர் அம்மாவுக்கு என் வயது. அதோடு அவருக்குப் பறவையைத் தவிர எந்த ஜீவனும் கண்ணில் படாது. அடுக்குக் கட்டில் பெண்களுக்கு உன் வீட்டுக்காரர் ஒரு மரம் மாதிரி. அந்தக் கவலையை விடு. இருக்கிற கவலை போதும்.

மொய்க் கவர் விஷயத்தில் நான் அப்போதே மன்னிப்புக் கேட்டாகிவிட்டது. அதை இன்னும் கையில் வைத்துக்கொண்டிருப்பது நீதான்.

இப்போது என் கண்ணால் பார்த்ததை எழுதுகிறேன். முட்டைகள் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கின்றன. அதனால் நான் எனக்குக் கொடுத்த நேரத்துக்கு முன்பே திட்டுக்குப் போய், என் கூடுகளை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, நாணல் புதருக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்கிறேன். யாருக்கும் சொல்லவில்லை. நேற்று நான் சுற்றிவிட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அவர் படகு வந்தது. இறங்கினார். நாணல் கட்டு ஒன்றை எடுத்தார். என் குச்சிக்குக் குச்சி போய், மணலைப் பெருக்கிக்கொண்டே வந்தார். அவசரம் இல்லை, பதற்றம் இல்லை. நம் வீட்டு வாசலைப் பெருக்குகிற மாதிரி.

எழுந்து போய் நின்றேன்.

“என்ன மாப்பிள்ளை, பெருக்குற வேலையும் உங்களுக்குத்தானா?”

அவர் நாணல் கட்டைக் கீழே போட்டார். என்னைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த டப்பாவைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“அண்ணி, நீங்க இவ்ளோ சீக்கிரம் இங்க வராதீங்க.”

“ஏன்?”

“ஆய்வாளர் அம்மா காலடித் தடத்தையெல்லாம் போட்டோ எடுக்கச் சொல்லிட்டாங்க. யாரோ எடுக்குறாங்கன்னு அவங்களுக்குச் சந்தேகம். சொன்னாக் கேளுங்க.”

மிரட்டுகிறாரா இல்லையா? நீயே சொல். தடத்தைப் போட்டோ எடுக்கப்போகிறார்கள் என்று தெரிந்துதான் பெருக்குகிறார். நான் பார்த்துவிடக் கூடாது என்றுதான் வராதே என்கிறார். என் கால் தடம் அவருக்கு என்ன பண்ணியது? முட்டிவலிக்கு டாக்டர் கொடுத்த செருப்பு, ஒரு பக்கம் கனம், ஒரு பக்கம் மெலிசு. அந்தத் தடம் யாருடையது என்று குழந்தைகூடச் சொல்லிவிடும். அதையும் சேர்த்துத்தான் அழித்தார். எல்லாவற்றையும் அழித்தால்தானே தன்னுடையதும் போகும்?

எதற்கு எடுக்கிறார் என்று கேட்டாய். எதற்கோ. முட்டை வாங்கவும் ஆள் இருப்பார்கள். நான் இனிமேல் வாயை மூடிக்கொண்டு இருக்க மாட்டேன். அந்தத் தாய்ப்பறவை காலிப் பள்ளத்தில் வந்து உட்காருகிறது, தங்கச்சி. ஒன்றும் இல்லாத இடத்தில் உட்கார்ந்து அடைகாக்கிறது. அதைப் பார்த்துவிட்டு என்னால் சோறு தின்ன முடியவில்லை. ஆய்வாளர் அம்மாவிடம் சொல்லப்போகிறேன்.

அக்கா

மே 1

அக்கா,

சொல்லாதே. இது உன் கைக்கு வந்தவுடன் முதல் வேலையாகச் சொல்லாமல் இரு.

அவர் தப்பே செய்திருந்தாலும் என்னிடம் முதலில் சொல்லட்டும். பறவைக்கு அழுகிறாய், சரி. என் பெண் புத்தகங்களை எல்லாம் அட்டைப்பெட்டியில் அடுக்கி, “அப்பா வீடு” என்று மேலே எழுதி வைத்திருக்கிறாள். நான் அதைப் பிரிக்கவும் முடியாமல், கட்டவும் முடியாமல் சுற்றி நடந்துகொண்டிருக்கிறேன்.

ஒரு வாரம் பொறு. நான் லீவு போட்டு நேரில் வருகிறேன். என் முகத்தைப் பார்த்து அவரால் மறைக்க முடியாது.

தங்கச்சி

மே 3

தங்கச்சிக்கு,

உன் கடிதம் இன்று மதியம் வந்தது. நேற்றே சொல்லிவிட்டேன்.

ஆபீசில் ஆய்வாளர் அம்மா, நான், உன் வீட்டுக்காரர், மூன்று பேர்தான். நான் பார்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொன்னேன். விடியற்காலைப் படகு, வேலிப் பொய், நாணல் கட்டு. சொல்லச் சொல்ல மாப்பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபமாக இல்லை. எனக்கு அந்தப் பார்வை என்னவென்றே புரியவில்லை. முப்பது வருஷத்தில் அப்படி ஒரு முகத்தைப் பார்த்ததில்லை.

ஆய்வாளர் அம்மா ஒரு போட்டோவை எடுத்து மேஜையில் வைத்தார். அதில் ஒரு காலடி, அரைகுறையாக. “இது யாருடையதுன்னு தெரியுமா?” என்று என் பக்கம் திரும்பினார். நான் கண்ணாடியைத் துடைத்துப் போடுவதற்குள் மாப்பிள்ளை பேசிவிட்டார்.

“நான்தாம்மா எடுத்தேன்.”

“எதுக்கு?”

“வேகவச்சுத் தின்னேன்.”

அவ்வளவுதான். தலையைக் குனிந்துகொண்டார். வேலையிலிருந்து நிறுத்தியாகிவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் பத்தாம் தேதி வேனில் கிளம்ப வேண்டும். அதுவரை திட்டுப் பக்கம் போகக் கூடாது.

நான் சொன்னது சரியாகிவிட்டது. சந்தோஷம் வர வேண்டும், வரவில்லை. குடிவராதே. வீட்டுக்கார அம்மாவிடம் இருக்கிறோம் என்று சொல்லிவிடு. அந்த அட்டைப்பெட்டியை நான் வந்து பிரிக்கிறேன், நீ தொடாதே.

அக்கா

மே 6

அக்கா,

கடிதம் வந்த கையோடு கிளினிக் மேஜையிலேயே எழுதுகிறேன். அவசர எழுத்தைப் பொறுத்துக்கொள்.

அவர் பொய் சொல்கிறார்.

வேகவைத்துத் தின்றாராம்! உனக்கு நான் எழுதினேனே, மறந்துவிட்டதா? முட்டை வாடை பட்டாலே குமட்டும் மனுஷன். பாப்பா வயிற்றில் இருந்தபோது டாக்டர் எனக்குத் தினமும் முட்டை சாப்பிடச் சொன்னார். நான் சாப்பிட்டு முடித்துப் பாத்திரம் கழுவும்வரை இவர் மொட்டை மாடியில் நிற்பார், மழை பெய்தாலும். அவர் முட்டையைத் தின்றார் என்பது நீ டிக்கெட் இல்லாமல் பேருந்தில் போனாய் என்பது போல.

அப்படியென்றால் ஏன் ஒப்புக்கொண்டார்? மற்றதையெல்லாம் விட்டுவிட்டு நான் யோசித்தது இதைத்தான். அவர் யாரையோ காப்பாற்றுகிறார். தன் தடத்தை அழிக்கவில்லை, வேறு யாரோ ஒருத்தி தடத்தை அழிக்கிறார். வேலை போனாலும் போகட்டும், பெண்டாட்டி பிள்ளை வந்து சேராவிட்டாலும் போகட்டும், அவள் பெயர் வெளியே வரக் கூடாது. அப்படி ஒருத்தி அங்கே இருக்கிறாள். மரம் மாதிரி என்றாயே, மரத்துக்கு இவ்வளவு அக்கறை எங்கிருந்து வந்தது?

என்னைக் காப்பாற்ற அவர் இதுவரை ஒரு பொய்கூடச் சொன்னதில்லை, அக்கா. அழுகை வருகிறது. டாக்டர் எட்டிப் பார்க்கிறார்.

அந்தப் பொம்பளை யார் என்று கண்டுபிடி. அவர் கிளம்புவதற்குள் கேள். உன்னால் முடியும்.

தங்கச்சி

மே 13

தங்கச்சிக்கு,

கண்டுபிடித்துவிட்டேன். அந்தப் பொம்பளை நான்தான்டி.

உன் கடிதம் ஒன்பதாம் தேதி வந்தது. பத்தாம் தேதி காலை வேன் கிளம்புவதற்கு முன் அவர் வீட்டுக்கு ஓடினேன். உங்களுக்கென்று ஒதுக்கிய அதே இரண்டு ரூம் வீடு. சுவரில் பாப்பா உயரத்துக்கு ஒரு அலமாரி அடித்து வைத்திருக்கிறார், பெயின்ட் வாடை இன்னும் போகவில்லை. பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

“யாருக்காகப் பொய் சொன்னீங்க மாப்பிள்ளை? யாரு அவ?”

அவர் வாசல் பக்கம் பார்த்தார், யாரும் இல்லை என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“அண்ணி, இனிமேலாவது அந்தப் பஞ்சு வச்ச டப்பாவை எடுத்துட்டுப் போகாதீங்க. உங்களுக்கு என்ன கஷ்டமோ, நான் கேக்க மாட்டேன். உங்க தங்கச்சிகிட்டயும் சொல்ல மாட்டேன். அவளுக்கு அம்மா இல்லாத குறையைத் தீர்த்தது நீங்க. உங்க பேரு கெட்டா அவ தாங்க மாட்டா.”

அப்போதுதான் அவர் கண்ணால் என்னைப் பார்த்தேன். நான் சுற்றிவந்த கூடுகள்தான் மறுநாள் காலியாகின்றன. நான்தான் யாருக்கும் சொல்லாமல் விடியற்காலையில் போய் ஒவ்வொரு கூட்டுக்குப் பக்கத்திலும் குந்துகிறேன். கையில் பஞ்சு வைத்த டப்பா. என் கோணல் செருப்புத் தடம். அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், என்னை இரண்டாம் நாளே பிடித்துக் கொடுத்திருப்பேன். அவர் என் தடத்தைப் பெருக்கினார்.

“ஐயோ, நான் எடுக்கல மாப்பிள்ளை, சத்தியமா எடுக்கல,” என்று கத்தினேன். டப்பாவைத் திறந்து நெயில் பாலிஷைக் காட்டினேன். “சரி அண்ணி, சரி அண்ணி,” என்றார். நோயாளியிடம் பேசுகிற மாதிரி. வேன் ஹாரன் அடித்தது. போய்விட்டார்.

மிச்சத்தையும் கேள். அவர் போன பிறகும் முட்டை போயிற்று. ஆய்வாளர் அம்மா என் கூடு ஒன்றின் பக்கத்தில் ஆள் இல்லாமல் தானே படம் பிடிக்கிற கேமராவை வைத்தார். நேற்று எங்களை எல்லாம் உட்கார வைத்துப் போட்டுக் காட்டினார். நாங்கள் திட்டை விட்டுக் கிளம்பியதும் ஒரு காக்கா வருகிறது. சிவப்பு நுனிக் குச்சியில் உட்காருகிறது. இறங்குகிறது. கிழக்குக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நேராக நடக்கிறது, பத்தடி. தேடவில்லை, தங்கச்சி, நடக்கிறது. முட்டையை அலகில் கவ்விக்கொண்டு பறந்துவிடுகிறது. அடுத்த குச்சிக்குத் திரும்பி வருகிறது.

நாங்கள் கூட்டைக் காக்க நட்ட குச்சியே அதற்கு வழி காட்டியிருக்கிறது. ஒரே பக்கம், ஒரே தூரம். சாதாரணக் குச்சியைப் பார்த்துப் பழகவே அதற்கு நாள் ஆகியிருக்கும். நான் தலையில் சிவப்பு வேறு பூசி வைத்தேன். ஆய்வாளர் அம்மா படத்தை நிறுத்தினார். அப்புறம், “குச்சி முறை என்னோடது, வர்ணம் உங்களோடது,” என்றார். உன் வீட்டுக்காரரைத் திரும்ப வேலைக்குக் கூப்பிட்டு எழுதிவிட்டார். அந்தக் கடிதமும் இதே வேனில் வருகிறது.

முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று பீற்றிக்கொண்டேன். அன்று ஆபீசில் மாப்பிள்ளை முகத்தில் இருந்தது என் மேல் இருந்த இரக்கம். எனக்கு அது அடையாளம் தெரியவில்லை.

அவர் வந்தால் கதவைத் திற. ஒன்றும் கேட்காதே. சாப்பாடு போடு.

அக்கா

மே 17

அக்காவுக்கு,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. அவர் பதினொன்றாம் தேதியே வந்துவிட்டார்.

கதவைத் திறந்தேன். சாப்பாடும் போட்டேன். அதைத்தான் உனக்கு எழுத வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது.

பையோடு மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். பாப்பா ஓடிப் போய்க் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். அவளைப் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கேட்டேன்.

“எடுத்தீங்களா?”

“எடுத்தேன்.”

“தின்னீங்களா?”

“தின்னேன்.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. அவள் யாரோ, அவளுக்காக என் முகத்தைப் பார்த்தே பொய் சொல்கிறாரே என்று. பேசாமல் சமையல்கட்டுக்குப் போய் இரண்டு முட்டையை வேகவைத்தேன். ஜன்னலைக்கூடத் திறக்கவில்லை. வாடை வீடு முழுக்க நிற்கட்டும் என்றே விட்டேன். அவர் எழுந்து போகவில்லை. உரித்துத் தட்டில் வைத்து அவர் முன்னால் தள்ளினேன்.

“அங்க தின்னீங்கல்ல? இங்கயும் தின்னுங்க.”

இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுவார் என்று நினைத்தேன். தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நெற்றியெல்லாம் வியர்த்துவிட்டது. அப்புறம் எடுத்துத் தின்றார், அக்கா. முதலில் ஒன்று. அப்புறம் இன்னொன்று. உப்புக்கூடக் கேட்கவில்லை. நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டுத் தட்டை அவரே கழுவி வைத்தார். பிறகு குளியலறைக்குப் போய்க் குழாயைப் பெரிதாகத் திறந்து விட்டுக்கொண்டார், எனக்குச் சத்தம் கேட்கக் கூடாது என்று. கேட்டது.

அதற்குப் பிறகு நாலு நாள் நான் அவரோடு பேசவில்லை. அவளுக்காக முட்டையைக்கூடத் தின்றாரே என்று உள்ளுக்குள் வெந்துகொண்டிருந்தேன். “அவள்” என்று நான் சபித்ததெல்லாம் உன்னைத்தான் என்று நேற்றுத்தான் தெரிந்தது.

உன் கடிதத்தை அவருக்குப் படித்துக் காட்டினேன். “காக்காவா?” என்றார். கடிதத்தை வாங்கித் தானும் ஒரு தடவை படித்துவிட்டு, “அப்ப அண்ணிகிட்ட நான்தான் மன்னிப்பு கேக்கணும்,” என்றார். எனக்கு அவரை அடிக்கலாம் போல இருந்தது.

“நான் நம்பலைன்னு உங்களுக்குத் தெரியாதா? அப்புறம் ஏன் அதைத் தின்னீங்க?” என்று கேட்டேன்.

“தின்னா நீ நம்பிடுவன்னு நெனச்சேன்,” என்றார்.

வீட்டுக்கார அம்மாவிடம் சொல்லிவிட்டேன். இருபத்தைந்தாம் தேதி வேனில் நாங்கள் அங்கே வருகிறோம். அதற்கு முன் நீ கிளம்பிவிடு. அவர், “அண்ணி இருக்கட்டும், அந்தக் கூடெல்லாம் அவங்களுக்குத்தான் நல்லாத் தெரியும்” என்கிறார். எனக்குத்தான் முடியவில்லை. கோபம் இல்லை என்று எழுதினால் அது பொய். உன் மேல் பாதி, என் மேல் பாதி. கண்ணை வைத்துக்கொள் என்று எழுதியது நான். நாம் இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து அந்த மனுஷனுக்குச் சாப்பாடு பரிமாறுகிற நாள் வரும். இந்த மாதம் வேண்டாம்.

கிளம்புவதற்கு முன் ஒரு வேலை. வடக்கு முனையில் நீ நட்ட குச்சிகளை எல்லாம் ஒன்று விடாமல் பிடுங்கிவிட்டாயா என்று எழுது. விளக்கம் ஒன்றும் வேண்டாம். “ஆமாம்” என்று எழுதினால் போதும், நான் நம்பிக்கொள்கிறேன்.

உன் தங்கச்சி